மூன்றாவது கையெழுத்து

உலகத்தில் எந்த நாடு எவனுடைய காசைப் பாவிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற மன்றம் ஒன்று, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லண்டன் ஹோபர்னுக்குக் கிட்ட ஒரு ஐந்து மாடிக் கட்டடத்தில் குடியிருந்தது. 'உறுதி நாணய ஏற்புக்கான அனைத்துலக ஆலோசனை மன்றம்' என்பது அதன் முழுப் பெயர். வாசல் பித்தளைத் தகட்டில் அந்தப் பெயரை மூன்று வரியில் வெட்டியிருந்தார்கள். தினமும் காலை அந்தத் தகட்டை மினுக்குவது செல்வரத்தினத்தின் முதல் வேலை. பிறகு ஐந்து மாடிக்கும் தேநீர் வண்டி தள்ளுவது இரண்டாவது வேலை.

சின்ன நாடுகள் சொந்தக் காசு வைத்திருப்பது ஒரு கெட்ட பழக்கம் என்பது மன்றத்தின் கொள்கை. அதை விட்டுவிட்டு ஒரு பெரிய நாட்டின் காசைத் தன் காசாக எடுத்துக்கொண்டால் அந்த நாடு உருப்படுமாம். மூன்றாம் மாடிச் சுவரில் பெரிய உலகப் படம் தொங்கியது. பனாமாக்காரன் அமெரிக்க டொலரைப் பாவிக்கிறான், லிச்சென்ஸ்டைன்காரன் சுவிஸ் பிராங்கைப் பாவிக்கிறான், நவுறுத் தீவுக்காரன் அவுஸ்திரேலிய டொலரைப் பாவிக்கிறான். அந்த இடங்களிலெல்லாம் தங்க நிற ஊசி குத்தியிருந்தது. அந்த நாடுகள் எல்லாம் இந்த மன்றம் பிறக்க முன்னமே அப்படிச் செய்தவை. ஆனாலும் ஊசி மன்றத்தின் ஊசி. வருகிற விருந்தினருக்கு அந்த ஊசிகளைக் காட்டி, மேலே கூட்டிப்போய், பிஸ்கட் கொடுப்பார்கள். இதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் நாற்பத்திரண்டு பேர்.

செல்வரத்தினம் அனலைதீவு ஆள். ஆனால் பதினான்கு வருடம் கொழும்பில் ஒரு வங்கியின் பழைய நோட்டுப் பகுதியில் வேலை செய்தவர். கிழிந்த, அழுக்கான நோட்டுகளை அங்கே எரிப்பார்கள். அதற்கு ஒரு முறை இருந்தது. முதல் ஆள் எண்ணிக் கையெழுத்து வைப்பார். இரண்டாவது ஆள் கட்டுக்குத் துளை போட்டுக் கையெழுத்து வைப்பார். மூன்றாவது ஆள் சூளை வாசலில் நின்று, 'என் முன்னிலையில் எரிக்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே வைப்பார். பதினான்கு வருடமும் அந்த மூன்றாவது ஆள் செல்வரத்தினம்தான். மேலே இரண்டு கையெழுத்து இருந்தால் மூன்றாமவர் வாசிக்க மாட்டார். வாசிக்கத் தொடங்கினால் மேலே உள்ள இரண்டு பேரையும் கள்ளர் என்று சொன்னதாகிவிடும். அது அங்கே மரியாதை இல்லை.

எண்பத்துமூன்றுக் கலவரத்தில் வீடும் சாமானும் எரிந்தபோது யாரும் எண்ணவில்லை, துளை போடவில்லை, கையெழுத்தும் வைக்கவில்லை. அவர் மனைவி தவநாயகியோடும் கைக்குழந்தையோடும் அனலைதீவுக்குப் போய், பிறகு தனியே லண்டன் வந்து சேர்ந்தார். ஆறு வருடமாகக் கோலியர்ஸ் வுட்டில் ஓர் அறை. தீவை ஆமி பிடித்த பிறகு தவநாயகியும் மகளும் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். குடும்பத்தைக் கூப்பிட ஹோம் ஒபிஸ் அனுமதிக்கிற காலம் வந்துவிட்டது. ஒக்டோபர் ஆறாம் திகதி கொழும்பில் விசா நேர்முகம். ஒரேயொரு கடிதம்தான் குறை. செல்வரத்தினத்துக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று வேலை தருகிறவர் எழுதித் தரவேண்டும்.

அங்கேதான் சிக்கல். அவரை வேலைக்கு வைத்தது மன்றம் இல்லை, ஒரு கொன்ராக்ட் கொம்பனி. கொம்பனியைக் கேட்டால், "கிழமைக்குக் கிழமைதான் உமக்கு வேலை, நிரந்தரம் என்று எப்படி எழுதுவது?" என்றார்கள். மன்றத்தைக் கேட்டால், "நீர் எங்கள் ஆளே இல்லையே" என்றார்கள். தங்கள் ஆளே இல்லாத ஒருவர் தந்த தேநீரைக் குடித்துக்கொண்டே சொன்னார்கள்.

இந்த நேரத்தில்தான் டொக்டர் கார்த்திகேசு அவரை மூன்றாம் மாடிக்குக் கூப்பிட்டார். டொக்டர் மலேசியாவில் ஈப்போக்காரர். படிக்க வந்து, பொருளாதாரத்தில் பட்டம் வாங்கி, சட்டனில் வீடும் வாங்கியவர். மன்றத்தில் அவருக்கு 'மக்கள் சம்மத ஆலோசகர்' என்று பதவி. தேநீர் வேண்டுமென்றால் "செல்வா" என்பார். வேறு ஏதும் வேண்டுமென்றால் "அண்ணே" என்பார்.

"அண்ணே, உள்ள வாங்க. கதவைச் சாத்துங்க" என்றார் டொக்டர்.

செல்வரத்தினம் கதவைச் சாத்தினார்.

"தெலூவாத் தீவுன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"இல்லை, டொக்டர்."

"பசிபிக்கில இருக்கு. ஒன்பதாயிரம் ஜனம். காசு பேர் மாக்கோ. நோட்டில ஆமை படம் போட்டிருக்கும். வர்ற புதன்கிழமை அந்தக் காசை ஒழிச்சுட்டு, இங்கிலீஷ் பவுனை அவங்க தேசியக் காசா ஆக்குறோம். பெரிய விழா. ஒப்பந்தத்தில மூணு கையெழுத்து. ஒண்ணு நம்ம தலைவர், ஒண்ணு அவங்க நிதி மந்திரி, ஒண்ணு மக்கள் பிரதிநிதி. மந்திரி ஜெனீவா ஹோட்டல்லயே போட்டு அனுப்பிட்டாரு. மக்கள் பிரதிநிதிதான் பிரச்சினை."

அந்தப் பிரதிநிதி ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. தீவு மக்கள் கூட்டம் வைத்துத் தெரிவுசெய்து அனுப்பியவர். அவருக்கு விசா மறுத்துவிட்டார்கள். பயணச் செலவுக்குக் காசு காட்டச் சொன்னபோது அவர் தன் சேமிப்பு முழுவதையும் மாக்கோவில் காட்டியிருக்கிறார். மாக்கோ அங்கீகரிக்கப்பட்ட காசு இல்லை என்று விசா அதிகாரி எழுதிவிட்டார். மாக்கோவை ஒழிக்க வருகிறவரிடம் மாக்கோ தவிர வேறு என்ன இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. யோசிப்பது அந்த விசா அலுவலகத்தின் வேலையும் இல்லை.

"நீங்க தீவுக்காரர்தானே அண்ணே?" என்று கேட்டார் டொக்டர்.

"ஓம். அனலைதீவு."

"அப்புறம் என்ன? பாங்க்கில வேற இருந்திருக்கீங்க. ஒரு டை கட்டிட்டு உட்காருங்க. பேச வேணாம். மூணாவது கையெழுத்து மட்டும் போடுங்க."

"டொக்டர், நான் ரீ போடுற ஆள். அந்தச் சனத்தை நான் கண்டதுமில்லை. அவைக்காக நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

"இங்க யாருமே அவங்களைப் பார்த்ததில்லை லா" என்றார் டொக்டர். பிறகு குரலை இறக்கினார். "உங்க வைஃப் லெட்டர் விஷயம் தலைவர்கிட்ட பேசிட்டேன். மன்றத்து லெட்டர்ஹெட்ல, தலைவர் கையெழுத்தோட, சீல் வச்சு தர்றோம். புதன்கிழமை சாயந்தரமே."

டொக்டர் மேசை லாச்சியிலிருந்து ஒரு நீல டையை எடுத்து நீட்டினார். முன்னமே வாங்கி வைத்திருந்தார்கள் போலும், விலைத்துண்டு கூடக் கழற்றவில்லை.

புதன்கிழமை என்பது 1992 செப்டெம்பர் பதினாறு. அன்றைக்கு லண்டன் சந்தையில் பவுணுக்கு என்ன நடந்தது என்று கொஞ்சமாவது பத்திரிகை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். மன்றத்து ஆட்களுக்கு மட்டும் காலை பதினொரு மணி வரை தெரியாது. பெரிய மண்டபத்தில் பூ வைத்து, விருந்தினர் அறுபது பேரை இருத்தி, தலைவர் எழும்பினார். அவருடைய தாத்தா ஏதோ ஒரு தீவுக்குக் கவர்னராக இருந்தவராம். அதைச் சொல்லித்தான் எந்தப் பேச்சையும் தொடங்குவார்.

"இந்தச் சிறிய மக்கள் இன்று வளர்ந்தவர்களாகிறார்கள்" என்றார் தலைவர். "சொந்தக் காசு என்பது ஒரு குழந்தையின் விளையாட்டுப் பொருள். இன்று அவர்கள் அதைக் கீழே வைத்துவிட்டு, உலகிலேயே அசையாத, கல்லைப் போன்ற ஒரு நாணயத்தின் கையைப் பிடிக்கிறார்கள். பவுண் சரிந்ததை என் குடும்பத்தில் எவரும் பார்த்ததில்லை."

பதினொரு மணிக்கு ஒரு பெண் உதவியாளர் ஒரு துண்டுக் கடதாசியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். பவுணைத் தூக்கி நிறுத்த அரசாங்கம் வட்டியைப் பத்திலிருந்து பன்னிரண்டாக்கிவிட்டது. தலைவர் துண்டை வாசித்தார், தண்ணீர் குடித்தார், "அசையாத என்ற சொல்லை நான் விரிந்த பொருளில் பயன்படுத்துகிறேன்" என்றார். விருந்தினர் கை தட்டினார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் நிபுணர்கள் ஆறு பேர் பக்கத்து அறைக்குள் போய்க் கதவைப் பூட்டினார்கள். ஒப்பந்தத்தில் 'பவுண்' வருகிற இருபத்தேழு இடங்களிலும் 'மார்க்' என்று மாற்றி அடித்தார்கள். பிறகு ஜெர்மன்காரர் ஒருவரையும் விழாவுக்கு அழைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. 'டொலர்' என்று மாற்றினார்கள். அமெரிக்காவா, அவுஸ்திரேலியாவா என்று சண்டை வந்தது. செல்வரத்தினம் டை கட்டிக்கொண்டே அவர்களுக்குத் தேநீரும் கொண்டுபோனார், ஏனென்றால் அன்றைக்குத் தேநீருக்கு வேறு ஆள் போடவில்லை. ஒன்பதாயிரம் சனம் நாளைக்குப் பாணும் மண்ணெண்ணெயும் எதைக் கொடுத்து வாங்கும் என்பதை, ஆறு பேர் வாயில் சான்விச்சோடு தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டேகாலுக்கு இரண்டாவது துண்டு வந்தது. வட்டி பதினைந்து. நிபுணர்கள் வியர்த்துப்போய் வெளியே வந்தார்கள். தலைவர் மறுபடி எழும்பினார்.

"நண்பர்களே, எம் நிபுணர்கள் ஒப்பந்தத்தை மேலும் செம்மைப்படுத்தியிருக்கிறார்கள். தெலூவா மக்கள் இன்று முதல் 'ஓர் அந்நிய நாணயத்தை'த் தமதாக ஏற்கிறார்கள். அதன் பெயர் பின்னர் நிரப்பப்படும். எந்த நாணயம் என்பது சிறு விடயம். அது அவர்களுடையது அல்ல என்பதே முக்கியம்."

இந்த முறை விருந்தினர் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

ஒப்பந்தத்தைச் சிவப்புப் பட்டு விரித்த மேசையில் வைத்தார்கள். தலைவரின் கையெழுத்து இருந்தது. மந்திரியின் கையெழுத்து இருந்தது. மூன்றாவது கோடு வெறுமையாக இருந்தது. செல்வரத்தினத்தின் கை தானாகப் பேனையை எடுத்தது. பதினான்கு வருடப் பழக்கம் அப்படி. மேலே இரண்டு இருந்தால் கீழே அவருடைய கை கேள்வி கேட்காது. 'செ' என்று தொடங்கி வால் இழுத்து முடித்தபிறகுதான், காசின் பெயர் நிரப்பாமல் வெறுமையாக விட்ட இடத்தோடு ஒரு பத்திரத்தில் வாழ்க்கையிலே முதல் தடவை கையெழுத்து வைத்திருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது.

அடுத்தது எரிப்பு. தீவிலிருந்து வந்த கடைசிக் கட்டு மாக்கோ நோட்டுகளை வெள்ளித் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். இது செல்வரத்தினத்துக்குத் தெரிந்த வேலை. அவர் தட்டுக்குக் கிட்டப் போனார். ஒரு நோட்டை விரலிடையில் தேய்த்துப் பார்த்தார். இரண்டாவதையும் பார்த்தார். ஆமை எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒரே கறையோடு நின்றது. இலக்கமும் எல்லாவற்றிலும் ஒன்றே.

"டொக்டர்," என்றார் மெதுவாக, "இது போட்டோகொப்பி."

"தெரியும் அண்ணே. ஒரிஜினல் தலைவர் அலுமாரில இருக்கு. ஒழிஞ்ச நோட்டுக்கு கலெக்டர்ஸ் நல்ல விலை கொடுப்பாங்க."

"அப்ப எரிச்சதெண்டு நான் எப்பிடிச் சாட்சி வைக்கிறது? முதல் எண்ணவேணும், துளை போடவேணும். அது ஒரு சனத்தின்ரை காசு, டொக்டர்."

"லெட்டர் டைப் ஆயிடுச்சு அண்ணே" என்றார் டொக்டர். "சீல் மட்டும்தான் பாக்கி."

வெள்ளித் தட்டில் போட்டோகொப்பி ஆமைகள் சுருண்டு எரிந்தன. 'என் முன்னிலையில் எரிக்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே செல்வரத்தினம் இரண்டாவது தடவை கையெழுத்து வைத்தார். முதலாவதை வாசிக்காமல் வைத்தார், இதைத் தெரிந்துகொண்டே வைத்தார். இதைச் செய்ய மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம்தானே என்று கேட்பவர்கள், வெள்ளவத்தை லொட்ஜில் மகளோடு ஒரு கட்டிலில் படுத்திருக்கிற மனைவிக்கு ஆறு வருடம் தொலைபேசியில் மட்டும் புருஷனாக இருந்து பார்த்துவிட்டுக் கேட்கட்டும். புகைக்கு நெருப்பு மணி அடித்தது. அறுபது விருந்தினரும் படிக்கட்டால் இறங்கித் தெருவில் நின்றார்கள். தலைவர் நடைபாதையில் நின்றே நன்றியுரை சொன்னார். அன்று பின்னேரம் பவுண் விழுந்துவிட்டது.

கடிதம் தந்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. தடித்த உறை, சிவப்பு அரக்கு முத்திரை, 'விசா அதிகாரிக்கு மட்டும்' என்று மேலே எழுத்து. செல்வரத்தினம் முத்திரையை உடைக்கவில்லை. முத்திரை வைத்ததை உடைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அன்றே பதிவுத் தபாலில் அனுப்பினார்.

ஒக்டோபர் ஆறாம் திகதி தவநாயகி அழைத்தாள். பின்னால் காலி வீதி பஸ் சத்தம் கேட்டது.

"இல்லையெண்டுட்டாங்களப்பா" என்றாள்.

"என்னெண்டு? கடிதம் குடுத்தனீதானே?"

"குடுத்தனான். உடைச்சு வாசிச்சுப்போட்டு அவன் என்னைப் பாத்துச் சிரிச்சவன். அந்தக் கடிதத்திலை, நீங்கள் ஏதோ தெலூவாத் தீவின்ரை ஆளாம். அஞ்சு நாள் மாநாட்டுக்கு லண்டனுக்கு வந்தனீங்களாம். மாநாடு முடிஞ்ச உடனை உங்கடை நாட்டுக்குத் திரும்பிப் போடுவீங்களெண்டு உறுதி குடுத்திருக்கினமாம். லண்டனிலை இல்லாத மனுசனிட்டை லண்டனுக்குப் போக எப்பிடி விசா தாறது எண்டு கேக்கிறான்."

செல்வரத்தினம் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"உங்கடை புருசன் தீவு ஆளோ எண்டும் கேட்டவன்" என்றாள் தவநாயகி. "நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன். பொய் சொல்லேலாதுதானே."

அடுத்த நாள் அவர் தேநீர் வண்டியை ஐந்தாம் மாடியில் விட்டுவிட்டு, தட்டாமலே தலைவரின் அறைக்குள் போனார். டொக்டரும் அங்கே இருந்தார். அலுமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் உண்மையான மாக்கோக் கட்டுகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. தான் யார், என்ன வேலை செய்கிறார் என்று உள்ளபடி எழுதித் தரச் சொல்லி அவர் கேட்டார்.

தலைவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட ஒரு மரியாதையாக இருந்திருக்கும்.

"உமது மனைவியின் வருகை ஒரு குடும்பத்தின் விடயம்" என்றார். "ஒரு நாட்டின் காசு ஒன்பதாயிரம் பேரின் விடயம். உம்மைத் தேநீர்க்காரர் என்று இந்த மன்றம் எழுதினால், அவர்களுடைய சம்மதம் ஒரு தேநீர்க்காரரின் சம்மதமாகிவிடும். அவர்களை அப்படி அவமதிக்க என்னால் முடியாது. இந்த மன்றம் இதுவரை எந்த நாட்டுக்கும் தீங்கு செய்ததில்லை. நாம் எந்த நாட்டுக்கும் போனதே இல்லை."

"அந்தத் தீவிலை இப்ப என்ன காசு?" என்று செல்வரத்தினம் டொக்டரைத் தமிழில் கேட்டார்.

டொக்டர் சுவரைப் பார்த்தார். "பேர் இன்னும் நிரப்பலை அண்ணே. கமிட்டி டிசம்பர்லதான் கூடுது. பழசு இந்த மாசம் முதலாந் தேதியோட செல்லாம போச்சு. இப்போதைக்கு... காசு இல்லை. அந்த டீச்சர் ஃபேக்ஸ் அனுப்பியிருக்காங்க. கடையில தேங்காய் குடுத்து அரிசி வாங்குறாங்களாம். அவங்க பேர்ல கையெழுத்துப் போட்ட மனுஷன் எந்தக் கிராமம்னு கேட்டிருக்காங்க."

தலைவருக்கு அந்தப் பேச்சு விளங்கவில்லை. ஆனால் முகம் மலர்ந்தது. "நல்லது, இருவரும் இங்கேயே இருக்கிறீர்கள். நவம்பரில் இன்னொரு நாடு கையெழுத்திடுகிறது. அவர்களுடைய பிரதிநிதிக்கும் விசா கிடைக்கவில்லை. மூன்றாவது கையெழுத்து திருப்தியாக இருந்தது என்று விருந்தினர் பலர் சொன்னார்கள். டை உம்மிடம்தானே இருக்கிறது?"

டை அவரிடம்தான் இருந்தது, மேல்கோட்டுப் பையில். செல்வரத்தினம் அதை எடுத்தார். தலைவரின் மேசையில் தேநீர்க் கோப்பை வட்டம் வட்டமாகக் கறை போட்டிருந்தது. ஒவ்வொரு வட்டமாக அந்த நீல டையால் துடைத்தார். துடைத்து முடிந்ததும் அதைக் கோப்பைக்குள் திணித்தார், வண்டியைத் தள்ளிக்கொண்டு லிஃப்டுக்குப் போனார். கொன்ராக்ட் கொம்பனி அன்று மத்தியானமே அவருக்கு அடுத்த கிழமை வேலை இல்லை என்று சொல்லியனுப்பியது.

கோலியர்ஸ் வுட் ஸ்டேசனுக்கு வெளியே இருந்த தொலைபேசிக் கூண்டில் புதுக் கார்ட் ஒன்றைப் போட்டு, தவநாயகிக்கு எல்லாவற்றையும் சொன்னார். டையை, வெறுமையாக விட்ட இடத்தை, போட்டோகொப்பி ஆமைகளை, தேங்காய் கொடுத்து அரிசி வாங்குகிற சனத்தை. ஒன்றையும் மறைக்கவில்லை. அவளுக்கு முன்னால் வெட்கப்பட வேண்டியிருக்கும் என்று அவர் ஆறு வருடத்தில் நினைத்ததேயில்லை. கார்டில் யூனிட் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு நாட்டின்ரை காசை ஒரு நாளிலை இல்லாமல் செய்யுற கையெழுத்து," என்றாள் கடைசியில், "எனக்கும் பிள்ளைக்கும் ஒரு விசா எடுத்துத் தர மட்டும் போதாதோ?"

கார்ட் முடிந்து கூண்டுக்குள் வெறும் இரைச்சல் கேட்டது. செல்வரத்தினம் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.